பொன்னாடை போதாது! வாயில்லா ஜீவன்களுக்காக ஓடும் தன்னார்வலர்களுக்கு நாம் செய்ய வேண்டியது

இரவு பத்தரை மணி. புறநகர்ச் சாலையோரம், கடை எடுத்துவைக்கும் நேரத்தில் ஒரு டீக்கடை. பின்பக்கம், கழிவுநீர்க் கால்வாயை ஒட்டி ஒரு நாட்டு நாய் ஒருக்களித்துக் கிடக்கிறது. வண்டி ஏறியதில் பின்னங்கால் ஒன்று துவண்டு தொங்குகிறது. "சாயந்தரத்துலேர்ந்து இப்படியேதாம்மா கிடக்கு. தண்ணி வெச்சேன், தொடவே இல்ல" என்கிறார் கடைக்காரர். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். அதில் மூன்று பேர் கையில் செல்போன், வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்கூட்டரில் வந்து இறங்கும் பெண்ணின் கழுத்தில் அலுவலக அடையாள அட்டை இன்னும் தொங்குகிறது. அவர் நேராக நாயிடம் போகவில்லை. நான்கடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பிக் குந்துகிறார். நாயின் கண்ணைப் பார்க்காமல் மெல்லப் பேச்சுக் கொடுக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துப் பையிலிருந்து பேண்டேஜ் துணியை எடுத்து வாயைச் சுற்றி ஒரு சுருக்கு, தாடைக்கடியில் ஒரு சுற்று, காதுக்குப் பின்னால் முடிச்சு. வலியில் இருக்கும் நாய், காப்பாற்ற வருகிறவரையும் கடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். பழைய போர்வையை விரித்து, "அண்ணா, அந்தப் பக்கம் ரெண்டு முனையையும் பிடிங்க. தூக்கும்போது இடுப்பு மடங்கக் கூடாது" என்கிறார். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கைகொடுக்க வருகிறார்.

அடுத்த போராட்டம் ஆட்டோ. முதல் இரண்டு பேர் ரத்தத்தைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள். மூன்றாமவர் பின்சீட்டில் சாக்கு விரிக்கச் சொல்லி ஏற்றிக்கொள்கிறார். காப்பகத்துக்குப் போய், வலிக்கு ஊசி போட்டு, கூண்டில் படுக்க வைத்து, பதிவேட்டில் இடம், நேரம், காயம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடும்போது நள்ளிரவு தாண்டிவிடும். காலையில் அவர் வேலைக்குப் போயாக வேண்டும்.

இது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் ஒரு குறிப்பிட்ட இரவு அல்ல. சென்னை, கோவை, மதுரை, திருச்சி என எந்த ஊரிலும், எந்த வாரத்திலும் நடக்கிற காட்சி. இவர்களுக்குச் சம்பளம் இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பெட்ரோல் காசும் சொந்தக் காசுதான். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழாவில் சிலருக்குப் பொன்னாடையும் கேடயமும் கிடைக்கின்றன. அதில் தவறு இல்லை. கைதட்டல் யாருக்கும் நல்லதுதான். ஆனால் மறுநாள் காலை கடிபட்டால் ஊசிக்கு யார் பணம் கொடுப்பது, அடுத்த தெருவில் யாராவது கைநீட்டினால் யார் துணைக்கு வருவது என்ற கேள்விகளுக்குக் கேடயம் பதில் சொல்லாது.

ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐ நிலைத்த வளர்ச்சிக்கான சர்வதேசத் தன்னார்வலர் ஆண்டாக அறிவித்திருக்கிறது. பாராட்டு விழாக்கள் பெருகக்கூடிய இந்த ஆண்டில், விலங்கு நலத் தன்னார்வலர்களை உண்மையில் எப்படி மதிப்பது என்று கேட்டாக வேண்டும். அவர்கள் சுமப்பதில் ஒரு பங்கை நாம் சுமப்பதே அங்கீகாரம். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு குட்டிகளில் தொடங்கிய கதை

1959-ல் சென்னையில் பெருமழை. தியாகராய நகரில் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைப் பார்த்தார் கேப்டன் வி.சுந்தரம். எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அவரும் மனைவி உஷாவும் விமானிகள். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவர் உஷா சுந்தரம். அந்த இரண்டு குட்டிகளோடு வீட்டுக் கதவு திறந்ததுதான், பிறகு மூடப்படவே இல்லை. அந்தக் குடும்பத்தின் முயற்சியில் பிறந்ததே 'புளூ கிராஸ் ஆஃப் இந்தியா'. இந்தியாவின் முன்னோடி விலங்கு நல அமைப்புகளில் ஒன்றான அது, பணம் வாங்காமல் வேலை செய்த ஒரு குடும்பத்தின் வீட்டில்தான் ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் தெருநாய்ப் பிரச்னைக்கு நகராட்சிகள் அறிந்த ஒரே வழி, பிடித்துக் கொல்வது. 1860-களில் தொடங்கிய அந்த முறை சென்னையில் நூறாண்டுகளுக்கும் மேல் தொடர்ந்தது. நாய்களும் குறையவில்லை, ரேபிஸும் குறையவில்லை. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதே தீர்வு என்று 1964-லிருந்து சொல்லிவந்தார்கள் புளூ கிராஸ்காரர்கள். சுந்தரம் தம்பதியின் மகன் சின்னி கிருஷ்ணா இந்த வாதத்தைப் பல பத்தாண்டுகள் விடாமல் முன்வைத்தார். 1996-ல் சென்னை மாநகராட்சி இதை ஏற்றது. அந்த ஆண்டு நகரில் 120 பேர் ரேபிஸால் இறந்தார்கள், 2004-ல் அது 5 ஆகக் குறைந்தது என்பது புளூ கிராஸ் தரும் கணக்கு. 2001-ல் இதே முறை நாடு முழுவதற்குமான விதியாயிற்று.

அரசாங்கம் யோசிப்பதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே தன்னார்வலர்கள் யோசித்த வழி அது. இன்று நாடு முழுவதும் ஒவ்வொரு நகராட்சியும் பின்பற்ற வேண்டிய திட்டத்தின் வேர், சம்பளமில்லாமல் உழைத்தவர்களின் பிடிவாதத்தில் இருக்கிறது.

பெட்டிச் செய்தி: காலக்கோடு

• 1824: லண்டனில் உலகின் முதல் தேசிய விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தொடங்கியது.
• 1861: இந்தியாவின் முதல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம், கல்கத்தாவில்.
• 1960: விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். மாநிலங்களவை உறுப்பினராக ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே இதற்கு வழிவிட்டது.
• 1962: இந்திய விலங்கு நல வாரியம் உருவானது. முதல் தலைவர் ருக்மிணி தேவி. 2018 வரை தலைமையகம் சென்னையில் இருந்தது.
• 1976: 42-வது அரசியல் சட்டத் திருத்தம். உயிரினங்கள் மீது பரிவு காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றானது.
• 2001, 2023: நாய்களுக்கான கருத்தடை விதிகள், பிறகு அவற்றின் இடத்தில் புதிய விதிகள்.

நாய்க்கு மட்டும் செய்யும் வேலை அல்ல

2024-ல் இந்தியாவில் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கும் மேல். நாடாளுமன்றத்தில் மத்திய அரசே சொன்ன எண் இது. கடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடும் பெற்றோரின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை மதிக்காமல் விலங்கு நலம் பேசுவது எடுபடாது. நல்ல தன்னார்வலர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். தெருவில் கடிபடும் ஆபத்து அவர்களுக்கும் உண்டு.

ரேபிஸ் பரவும் சங்கிலியை அறுக்க, ஒரு பகுதியின் நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேட்க எளிது. களத்தில் இறங்கினால் தெரியும் சிரமம். மாநகராட்சி வண்டி தெருமுனையில் திரும்பும்போதே பாதி நாய்கள் காம்பவுண்ட் சுவர் தாண்டிவிடும். மருந்தும் இருக்கிறது, மருத்துவரும் இருக்கிறார், நாய் இல்லை. அந்த நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாய் வாலாட்டி வரும் ஒரே ஆள், தினமும் அதற்குச் சோறு வைப்பவர். எந்த நாய் குட்டி போட்டிருக்கிறது, எது புதிதாக வந்தது, எதன் காது நுனியில் கருத்தடைக்கான வெட்டு இருக்கிறது, எது இரண்டு நாளாக எச்சில் ஒழுக ஒதுங்கி நிற்கிறது என்ற தகவல் எந்த அரசுக் கோப்பிலும் இல்லை. அவர் தலைக்குள் இருக்கிறது.

இது பலனளித்த இடங்கள் நம் கண் முன்னே உள்ளன. ஜெய்ப்பூரில் 1994-ல் தொடங்கிய கருத்தடை, தடுப்பூசித் திட்டத்தின் பலனாக, அது நடந்த பகுதியில் நாய்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்ததாக 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் பகுதியில் மனித ரேபிஸ் பாதிப்பும் இல்லாமல் போனது. 'மிஷன் ரேபிஸ்' அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து தெருத்தெருவாக நாய்களுக்குத் தடுப்பூசி போட்ட கோவா, 2021-ல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அந்த அமைப்பின் தடுப்பூசி முகாம்களுக்கு உள்ளூரிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் தன்னார்வலர்கள் வந்து வலை பிடித்தார்கள்.

ஆக, தெருநாய்த் தன்னார்வலர் செய்வது பொதுச் சுகாதார வேலை. அவரைப் 'பிராணிப் பிரியர்' என்று மட்டும் அழைத்துப் பாராட்டுவது, அவர் வேலையில் பாதியை மறைத்துவிடுகிறது. ஊரின் எந்தக் குழந்தைக்கும் ரேபிஸ் வராமல் பார்த்துக்கொள்ளும் வரிசையில் முதலில் நிற்பவர் அவர். கொசு ஒழிப்புப் பணியாளருக்கும் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வீடு வீடாகப் போனவருக்கும் தரும் மரியாதை அவருக்கும் உரியது.

தீர்ப்புகளுக்கு நடுவே

2025-ல் இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், நாடே பேசும் விஷயமானது. ஆகஸ்ட் 11-ல் இரு நீதிபதிகள் அமர்வு, டெல்லி சுற்றுவட்டாரத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், ரேபிஸ் பாதித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர. தெருவில் கண்ட இடத்தில் உணவு வைக்கக் கூடாது, வார்டு தோறும் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அங்கே திரும்ப விடக் கூடாது என்றும் உத்தரவு வந்தது.

நீதிமன்ற உத்தரவு தெருவுக்கு இறங்கும்போது அதன் முழு எடையும் ஒருவர் தோளில் விழுகிறது. சோறு வைக்கும் அம்மாவைப் பார்த்து, "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, இன்னும் என்ன இங்க?" என்று கேட்கிறார்கள். வார்டில் ஒதுக்கப்பட்ட இடம் எது என்று கேட்டால் பல இடங்களில் பதில் இல்லை. அகற்றும் நாய்களை எங்கே கொண்டுபோவது என்று கேட்டால், ஏற்கெனவே நிரம்பி வழியும் தனியார் காப்பகத்தின் எண்ணைத்தான் கொடுக்கிறார்கள். அந்தக் காப்பகத்தில் கூண்டு கழுவுபவர் ஒரு தன்னார்வலர்.

2023 விதிகள் இந்த மோதலுக்கு ஒரு வழி சொல்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் இவற்றை விட்டுத் தள்ளி, நடமாட்டம் குறைந்த நேரத்தில் உணவு வைக்கக் குடியிருப்போர் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். கருத்து வேறுபாடு வந்தால் இரு தரப்பும் இருக்கும் குழு பேசித் தீர்க்க வேண்டும். எத்தனை அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இந்தக் குழுவை அமைத்திருக்கிறார்கள்? அமைத்த இடங்களில் சண்டை குறைகிறது. அமைக்காத இடங்களில் தன்னார்வலர் தனியாக நின்று ஏச்சு வாங்குகிறார். பல சமயம் அடியும் வாங்குகிறார்.

தன்னார்வலர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கருத்தடைக்கு ஏற்பாடு செய்யாமல், தடுப்பூசி போடாமல் சோறு மட்டும் வைப்பது சேவை ஆகாது. அது அந்தத் தெருவுக்கும் தீங்கு, அந்த நாய்களுக்கும் தீங்கு. யாரைப் பாராட்டுவது என்று தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை பாத்திரம் சோறு வைத்தார் என்பதைவிட, அவர் தெருவில் எத்தனை நாய்களுக்குக் காது வெட்டு இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மேடைக்கு வராத கைகள்

ஒரு விலங்குக் காப்பகத்தின் காலை எப்படி இருக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். கூண்டுகளைத் திறந்ததும் மூக்கில் ஏறும் மூத்திர வாடை. பினாயில், வாளி, நீளத் துடைப்பம். சொறி பிடித்த நாய்களுக்கு மருந்துக் குளியல். புழு வைத்த புண்ணில் டர்பன்டைன் ஊற்றி, வெளியே வரும் புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கும் வேலை. பார்வோ வைரஸ் தொற்று வந்த குட்டிகள் தனி அறையில். அங்கே போனவர் உடை மாற்றாமல் மற்ற குட்டிகளைத் தொடக் கூடாது. இடுப்புக்குக் கீழே செயலிழந்த நாய்களுக்கு மூத்திரப்பையை அமுக்கி வெளியேற்ற வேண்டும், தினமும், மறக்காமல்.

இந்த வேலைகள் வீடியோவில் நன்றாகத் தெரியாது. கிணற்றுக்குள் கயிறு கட்டி இறங்கிப் பசுவைத் தூக்கும் காட்சியை லட்சம் பேர் பார்ப்பார்கள். அதே பசுவுக்கு மூன்று மாதம் கட்டு மாற்றியவரை யாருக்கும் தெரியாது. விருதும் வீடியோவின் பின்னாலேயே போகிறது. தத்துக் கொடுத்த நாய் போன வீட்டுக்கு ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்துவருபவர், ஞாயிறுதோறும் வரவு செலவு எழுதுபவர், மருந்துக் கம்பெனிகளுக்குப் போன் போட்டுக் காலாவதி நெருங்காத மருந்தாகக் கேட்டு வாங்குபவர், இரவு முழுக்க உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுத்து, திட்டுபவர்களுக்கும் பொறுமையாகப் பதில் சொல்பவர்: இவர்கள் இல்லாமல் ஒரு காப்பகமும் ஒரு வாரம் தாங்காது.

இன்னொரு கூட்டத்தையும் நாம் மறந்துவிடுகிறோம். சம்பளத்துக்கு வேலை செய்யும் நாய் பிடிப்பவர்கள், கூண்டுப் பணியாளர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள். சம்பளம் குறைவு, ஆபத்து அதிகம், பெரும்பாலும் எளிய குடும்பங்களிலிருந்து வருபவர்கள். விழா மேடையில் தன்னார்வலருக்குப் பூங்கொத்து கொடுக்கும்போது நாற்காலி எடுத்துப் போடும் வேலை இவர்களுக்கு. ஞாயிறு மட்டும் வருபவருக்கும் ஏழு நாளும் இருப்பவருக்கும் ஒரே மேடையில் மரியாதை கிடைத்தால்தான் அந்த இடத்தில் மனக்கசப்பு இருக்காது. அதுவே அந்தக் காப்பகத்தின் விலங்குகளுக்கும் நல்லது.

கடற்கரை சொல்லித் தரும் பாடம்

தன்னார்வலர்களை மதிப்பது எப்படி என்று சென்னைக் கடற்கரை நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1988-ல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு, ஒவ்வொரு ஆண்டும் ஆமை முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் மணலில் நடக்கிறது. பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளை நாயும் மனிதரும் எடுக்கும் முன் கண்டெடுத்து, குஞ்சு பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டி வைக்கிறார்கள். 45 நாட்களுக்கு மேல் காத்திருந்து குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, தலைமுறைகள் மாறியும் நடை நிற்கவில்லை என்பது. பெரிய சம்பளமோ விருதோ அதைத் தாங்கவில்லை. புதிதாக வருபவரை ஏற்கெனவே நடந்தவர் கூட்டிப்போகிறார். ஆமைத் தடத்தைப் படிப்பது எப்படி, கம்பால் மணலை எவ்வளவு மெதுவாகக் குத்த வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார். கற்றுக்கொண்டவர் அடுத்த பருவத்தில் தானே ஒரு குழுவை வழிநடத்துகிறார். பொறுப்பை நம்பிக் கொடுப்பதுதான் அங்கே மரியாதை. 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் சென்னைக் கரையோரம் செத்து ஒதுங்கியபோது, கரையில் நின்று உடல்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டவர்களில் இந்தத் தன்னார்வலர்களும் இருந்தார்கள். ஊருக்கு அந்தச் செய்தி தெரிந்ததில் இரவு நடைகளின் பங்கு உண்டு.

பரிவுக்கும் களைப்பு உண்டு

இந்தச் சேவையின் இருண்ட பக்கத்தைப் பேசாமல் பாராட்டு மட்டும் பேசுவது நியாயமல்ல.

மற்றவர்களின் வலியை நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு வரும் மனச்சோர்வை உளவியலாளர்கள் 1990-களிலிருந்து ஆராய்ந்து வருகிறார்கள். 'பரிவுச் சோர்வு' என்று இதைச் சொல்லலாம். முதலில் செவிலியர்களிடம் கவனிக்கப்பட்ட இது, விலங்குக் காப்பகங்களில் வேலை செய்பவர்களிடமும் பரவலாகத் தெரிந்தது. தூக்கம் வராது. எதற்கும் எரிச்சல். தொலைபேசி அடித்தாலே நெஞ்சு படபடக்கும். காப்பாற்ற வந்தவரே, பிழைக்க வழியில்லாத விலங்குக்குக் கருணைக்கொலை ஊசி போடும்போது தலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அந்த முரணைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார வேண்டும். பேச ஆள் இல்லை. "நாய்க்குப் போய் அழுவாங்களா?" என்பதே பல வீடுகளில் கிடைக்கும் பதில்.

பணச் சுமை இன்னொன்று. அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு போனவர் பெயரில்தான் தனியார் மருத்துவமனை பில் போடுகிறது. எலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். ஒரு நாய்க்கு என்று ஆரம்பித்த செலவு, ஐந்து நாய்களுக்கு என்று வளரும்போது கடன் அட்டையில் ஏறுகிறது. காப்பகத்தில் இடம் இல்லாததால் வீட்டிலேயே வைத்துக்கொள்ள, எண்ணிக்கை கைமீறிப் போகிறது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். நல்ல மனதோடு தொடங்கிய எத்தனையோ பேர் இப்படிச் சிக்கியிருக்கிறார்கள்.

இது புதிதல்ல. 1824-ல் லண்டனில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கிய பாதிரியார் ஆர்தர் ப்ரூம், அதற்காகத் தன் தேவாலய வேலையை விட்டார். சொந்தப் பணத்தைப் போட்டார். 1826-ல் சங்கத்தின் கடனுக்காக அவரைச் சிறையில் அடைத்தார்கள். பின்னாளில் அரச குடும்பத்தின் ஆதரவோடு உலகப் புகழ் பெற்ற அந்த அமைப்பின் முதல் செயலாளர், அதன் பொருட்டே சிறைக்குப் போனவர். இருநூறு ஆண்டுகள் கழித்தும் ஒரு தன்னார்வலர் தன் கருணைக்காகக் கடன்காரராக வேண்டியிருந்தால், நாம் அதிகம் மாறவில்லை.

பெட்டிச் செய்தி: ஒவ்வொரு தன்னார்வலருக்கும் உறுதி செய்ய வேண்டியவை

• முன்கூட்டிய ரேபிஸ் தடுப்பூசி: விலங்குகளைக் கையாள்பவர்களுக்கு 0, 7, 21 அல்லது 28-வது நாட்களில் 3 தவணை. இதை முடித்தவர் பிறகு கடிபட்டால், 0 மற்றும் 3-வது நாட்களில் 2 தவணை மட்டும் போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.
• கடிபட்டால்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு உடனே மருத்துவமனை. ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது.
• டெட்டனஸ் ஊசி: தேதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும்.
• விபத்துக் காப்பீடு: பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. ஆண்டுக்கு 20 ரூபாய்; 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள யாரும் சேரலாம். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய்.
• பெண்கள் பாதுகாப்பு: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) சம்பளமில்லாத் தன்னார்வலர்களுக்கும் பொருந்தும். 10 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் அமைப்பில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும்.
• அடையாள அட்டை: எந்த அமைப்பு, எந்தப் பகுதி, அவசரத்துக்கு எந்த எண் என்ற விவரங்களோடு.

விருது யாருக்கு, எப்படி?

விருது வேண்டாம் என்பதல்ல. மத்திய அரசின் 'பிராணி மித்ரா', 'ஜீவ் தயா' விருதுகள் இத்துறையில் உழைக்கும் தனிநபர்களுக்கும் அமைப்புகளுக்கும் தரப்படுகின்றன. ஜனவரி 14 முதல் 30 வரை நாடு முழுவதும் விலங்கு நல இருவாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. மாட்டுப் பொங்கல் அன்று மாட்டுக்கு மாலை போடும் நமக்கு, அந்த நாட்களில் மாட்டைப் பராமரிப்பவருக்கும் மாலை போட மனம் வராமலா போகும்?

ஆனால் விருதின் வடிவம் முக்கியம். ஆண்டுக்கு ஒருவரை மட்டும் 'சிறந்த தன்னார்வலர்' என்று தூக்கிவைத்தால், மற்ற நாற்பது பேர் தங்களைத் தோற்றவர்களாக நினைப்பார்கள். அதைவிட, ஐந்தாண்டு தொடர்ந்து வந்தவர்கள் எல்லோருக்கும், பத்தாண்டு வந்தவர்கள் எல்லோருக்கும் மரியாதை செய்வது மேல். இந்த வேலையில் நிலைத்து நிற்பதுதான் அரிது.

இன்னொன்று, பாராட்டு பொத்தாம்பொதுவாக இருக்கக் கூடாது. "தன்னலமற்ற சேவைக்கு நன்றி" என்ற வாசகம் எல்லாக் கேடயத்திலும் இருக்கிறது. அதற்குப் பதில், "மழைக்காலத்தில் டிஸ்டெம்பர் நோய் பரவியபோது தனி வார்டைப் பார்த்துக்கொண்டவர்" என்று எழுதினால், அதைப் படிக்கும் குடும்பத்துக்கு அவர் ஞாயிறுகளில் எங்கே போகிறார் என்பது முதல்முறையாகப் புரியும். வீட்டில் மரியாதை கூடுவது, மேடையில் கூடுவதைவிட நீண்ட நாள் நிற்கும்.

பணமும் யோசித்துத் தர வேண்டிய விஷயம். தானாக முன்வந்து செய்யும் செயலுக்கு விலை வைத்தால் முன்வரும் மனம் சுருங்கிவிடும் என்று, ரத்த தானத்தை முன்வைத்து 1970-லேயே வாதிட்டார் பிரிட்டிஷ் சமூக ஆய்வாளர் ரிச்சர்ட் டிட்மஸ். தன்னார்வலருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் பெட்ரோல், மருந்து, கையுறை, ஊசி ஆகியவற்றுக்கான செலவை அவர் பையிலிருந்து எடுக்கவிடக் கூடாது. செலவைத் திருப்பித் தருவது கூலி அல்ல. அது குறைந்தபட்ச நேர்மை.

எல்லாவற்றையும்விடப் பெரிய அங்கீகாரம், முடிவெடுக்கும் மேசையில் ஒரு நாற்காலி. எத்தனை விலங்குகளை உள்ளே எடுப்பது, எப்போது மறுப்பது, கருணைக்கொலை முடிவை யார் எடுப்பது, நன்கொடை எதற்குப் போகிறது என்பதையெல்லாம் கூண்டு கழுவுபவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள உரிமை வேண்டும். கேள்வி கேட்ட தன்னார்வலரை ஒதுக்கும் அமைப்பு, அவருக்கு எத்தனை சால்வை போர்த்தினாலும் அவரை இழந்துவிடும். விடுப்பு கேட்கவும் அவருக்குக் கூச்சம் இருக்கக் கூடாது. மூன்று மாதம் வராமல் இருந்துவிட்டுத் திரும்பி வருபவரை, "எங்க போனீங்க?" என்று குற்றம் சொல்லாமல் வரவேற்கும் காப்பகத்தில்தான் பத்தாண்டுத் தன்னார்வலர்கள் உருவாகிறார்கள்.

அரசு, சங்கம், நாம்

வள்ளலாரின் 200-வது பிறந்த ஆண்டை ஒட்டித் தமிழக அரசு 'வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள்' திட்டத்தை அறிவித்தது. கைவிடப்பட்ட, காயமுற்ற விலங்குகளைப் பராமரிக்கும் தொண்டு அமைப்புகளுக்கு உதவுவது அதன் நோக்கம். நல்ல தொடக்கம். இத்தகைய உதவி கட்டடத்துக்கும் கூண்டுக்கும் மட்டும் போகாமல், அங்கே வேலை செய்பவர்களின் தடுப்பூசிக்கும் காப்பீட்டுக்கும் போக வேண்டும். நிதி பெறும் ஒவ்வொரு அமைப்பும் தன் தன்னார்வலர் அனைவருக்கும் முன்கூட்டிய ரேபிஸ் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தாலே போதும். பெரும் மாற்றம் வரும்.

மாநகராட்சிகள் தடுப்பூசி முகாம் நடத்தும்போது, அந்தந்தத் தெருத் தன்னார்வலர்களை முன்கூட்டியே அழைத்து, பட்டியல் போட்டு, அடையாள அட்டை கொடுத்து, குழுவில் ஒருவராகச் சேர்க்க வேண்டும். வார்டு வாரியாக உணவு வைக்கும் இடங்களை அறிவித்துப் பலகை வைக்க வேண்டும். அந்தப் பலகை ஒன்று இருந்தால், ஒரு பெண் இரவில் தனியாக நின்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. விலங்கு வதைக்கு முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம் என்ற 1960-ஆம் ஆண்டு விகிதம் இன்னும் அப்படியே இருக்கிறது. புகார் கொடுக்கப் போகும் தன்னார்வலரைக் காவல் நிலையத்தில் பாதிப் பேர் பொருட்படுத்தாததற்கு அந்தத் தொகையும் ஒரு காரணம். நாடாளுமன்றம் அதைத் திருத்த வேண்டும்.

காப்பகங்கள் செய்ய வேண்டியது, தங்களிடம் யார் யார், எந்த வேலைக்கு, எத்தனை மணி நேரம் வருகிறார்கள் என்று ஒழுங்காகப் பதிவு செய்வது. எழுதாத உழைப்பை யாரும் மதிக்க முடியாது. அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் அரசிடம் நிதி கேட்கலாம், ஒரே ஆள் மேல் சுமை ஏறுவதைக் கண்டுபிடித்துக் குறைக்கலாம், கல்லூரி மாணவருக்கு மதிப்புள்ள சான்றிதழ் கொடுக்கலாம்.

நாம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. தெருவில் அடிபட்ட விலங்கைப் பார்த்தால், தன்னார்வலருக்குப் போன் செய்துவிட்டு நகர்ந்துவிடாமல், அவர் வரும்வரை அங்கேயே நிற்பது. வந்தபின் வண்டிக்கு வழி செய்வது. "பில் எவ்வளவுங்க ஆச்சு?" என்று மறுநாள் கேட்டு, பாதியையாவது அனுப்புவது. அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் உணவு வைக்கும் இடம் குறித்த பேச்சு வந்தால், அவருக்காக ஒரு குரல் கொடுப்பது. நம் தெரு நாய்களின் கருத்தடைக்கு ஒரு ஞாயிறு ஒதுக்குவது. இதற்கெல்லாம் பெரிய மனம் வேண்டியதில்லை. கொஞ்சம் நேரம் வேண்டும்.

டிசம்பர் 5, சர்வதேசத் தன்னார்வலர் தினம். அன்று எங்காவது ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா நடக்கும். அதற்கு முன்பாக ஒவ்வொரு விலங்கு நல அமைப்பும் தன் தன்னார்வலர் பட்டியலை எடுத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதட்டும்: இவருக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? இவருக்குக் காப்பீடு இருக்கிறதா? இவர் கையிலிருந்து செலவழித்ததைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா? மூன்றுக்கும் 'ஆம்' என்று எழுத முடிந்த அமைப்பு மேடை போடட்டும், மாலை போடட்டும், நாமும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவோம். எழுத முடியாத அமைப்பு, மண்டப வாடகைக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் அந்த ஊசிகளைப் போடட்டும்.